வராதவர் நோட்டு: ஒரு பி.டி. சாரின் முப்பத்தொரு வருஷம்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. 1991-ல் அங்கே உடற்கல்வி ஆசிரியராக வந்தவர், 2022 மே மாதக் கடைசியில் அதே பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் வந்தபோது அங்கே கால்பந்து அணி என்று ஒன்று கிடையாது. அவர் போகும்போது, குறுவட்டப் போட்டியில் எங்கள் பள்ளி ஜெயித்தால் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசாத அளவுக்கு அது பழகியிருந்தது. மாவட்டக் கோப்பை பல வருஷம் எங்களிடம் இருந்தது. மாநிலப் போட்டிக்கும் போய் வந்திருக்கிறோம். அவரிடம் ஆடியவர்களில் போலீஸில் இருக்கிறார்கள், ராணுவத்தில் இருக்கிறார்கள், பி.பி.எட். முடித்து வேறு பள்ளிகளில் விசில் ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்திய அணிக்குப் போனவர் யாரும் இல்லை.

நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். மாணவிகள் அணி வெளியூர் போனால் கூடவே ஓர் ஆசிரியை போக வேண்டும். அப்படிப் போகத் தொடங்கித்தான் இதற்குள் வந்தேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்பதை எனக்குப் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் பத்தாம் வகுப்புப் பெண்கள்.

தன் பெயர் வேண்டாம் என்று சார் கேட்டுக்கொண்டார். பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன். பிள்ளைகளைப் பற்றி எழுதும் இடங்களில் ஊர், வருஷம் போன்றவற்றையும் சொல்லவில்லை.

நான் பார்க்க நினைத்தது ஒரே விஷயம். பாதி கிரவுண்டு, சில பந்துகள், மழை பொய்த்தால் பெட்டி கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள். இத்தனைக்கும் நடுவில் வருஷா வருஷம் ஒரு டீம் எப்படி நின்றது? சார் ஆட்டத்தை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஆனால் டீம் நின்றதற்கு முதல் காரணம், கிரவுண்டுக்கு வராமல் போன பிள்ளையை அவர் தேடிப் போனதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை மனசுக்குத் தோன்றியபோது செய்யும் உதவியாக அவர் வைத்திருக்கவில்லை. அதற்கு நோட்டு இருந்தது, நாள் கணக்கு இருந்தது, யார் போவது என்ற முறை இருந்தது.

வாலிபால்காரர் கையில் கால்பந்து

சார் படித்தது சென்னை நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி அது. சாரின் சொந்த ஆட்டம் வாலிபால். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் சாயங்காலமானால் வாலிபால் நெட்டும் கபடிக் கோடும்தான் அதிகம் கண்ணில் படும். அவரும் அதைத்தான் சொல்லிக்கொடுக்க வந்தார்.

முதல் வாரம் பி.டி. பீரியடில் அறுபது பையன்கள் வந்து நின்றார்கள். பள்ளியில் இருந்தது ஒரே பந்து. வாலிபால் என்றால் பன்னிரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால்பந்து என்றால் அதே ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர் ஓடலாம். கால்பந்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் இவ்வளவுதான்.

ஆட்டத்தை அப்புறம்தான் அவர் முறையாகக் கற்றுக்கொண்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறி, அங்கே லீக் மேட்சுகளைக் கோட்டோரம் உட்கார்ந்து பார்ப்பார். யார் பந்து இல்லாமல் எங்கே ஓடினார் என்பதைச் சின்னச் சின்ன அம்புக்குறியாக வரைந்துகொண்டு வருவார். அந்தத் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். பந்து போன பாதை புள்ளிக்கோடாக ஒரு ஓரத்தில் இருக்கும். மீதித் தாள் முழுக்க பந்து இல்லாதவர்களின் ஓட்டம்தான்.

கிரவுண்டுதான் பெரிய சிக்கல். புது வகுப்பறைகள் எழும்ப எழும்ப மைதானம் சுருங்கி, நீளவாக்கில் 60 மீட்டர்தான் மிஞ்சியது. விதிப்படி ஒரு கால்பந்து மைதானம் குறைந்தது 90 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் ஆட்டத்தில் அப்படியே தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் குட்டிப் பாஸில் கெட்டிக்காரர்கள். சரளைக் கல்லில் பந்து எப்படி எகிறும் என்று சொல்ல முடியாததால் முதல் தொடுதலிலேயே பந்தைக் காலில் அடக்கிவிடுவார்கள். வெளியூரில் பெரிய கிரவுண்டு கிடைத்தால் முதல் பாதி வரைக்கும் தாக்குப்பிடிப்பார்கள். இரண்டாம் பாதியில் கால் போய்விடும். ஒரு விங்கிலிருந்து அடுத்த விங்குக்குத் தூக்கிப் போடும் நீளப் பாஸ் யாருக்குமே வராது. போட்டுப் பழக இடம் இருந்தால்தானே.

அப்போதுதான் சார் ஏரிக்குப் போனார். ஊர் ஏரி வறண்டால் விவசாயிக்குக் கஷ்டகாலம். அந்தக் கஷ்டகாலத்தில் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு முழு கிரவுண்டு கிடைத்தது. கருவேலங் கன்றுகளைப் பிடுங்கி, வெடிப்பில் மண் நிரப்பி, தைல மரக் கம்பில் கோல் போஸ்ட் நட்டார்கள்.

கோடு போட அவர் வைத்திருந்த கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்று வாளிக்குக் கட்டும் பச்சை நைலான் கயிறு. அதில் நாலு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிறத்தில் கிழிந்த துணி. 5.5 மீட்டரில் வெள்ளை, அது கோல் ஏரியா. 7.32-ல் சிவப்பு, இரண்டு போஸ்டுக்கும் நடுவே உள்ள அகலம். 9.15-ல் மஞ்சள், நடுவட்டத்தின் ஆரம். ஃப்ரீ கிக் அடிக்கும்போது எதிரணி தள்ளி நிற்க வேண்டிய தூரமும் அதுவே. 11-ல் நீலம், பெனால்டிப் புள்ளி. கயிறு முடியும் இடம் 16.5, பெனால்டி பாக்ஸ். டேப் தேவையில்லை. ஒருவன் கயிற்று நுனியைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு நடுவில் நிற்பான். இன்னொருவன் மஞ்சள் முடிச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவான். அவன் பின்னாலேயே மூன்றாமவன் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போவான். சுண்ணாம்பு இல்லாத நாளில் அடுப்புச் சாம்பல்.

மூலைகள் கோணலாகப் போகின்றன என்று சார் ஒரு நாள் என்னிடம் வந்தார். 3, 4, 5 என்று அளந்து முக்கோணம் போட்டால் செங்கோணம் தானாக வந்துவிடும் என்று ஏரிக்கே போய்க் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பில் ஆரம் என்றால் என்ன என்று கேட்டால், டீம் பையன்கள் ‘மஞ்ச முடிச்சு டீச்சர்’ என்பார்கள். அதைவிடச் சரியான பதிலை நான் வகுப்பில் கேட்டதில்லை.

நோட்டு

சாரின் மேசையில் இரண்டு நோட்டு இருக்கும். மேட்ச் முடிவுகள் எழுதிய நோட்டு ஒன்றே ஒன்றுதான், அது கடைசிவரை நிரம்பவே இல்லை. இன்னொன்று நீளவாக்கில் அட்டை போட்ட கணக்கு நோட்டு. அந்த வகையில் பல நோட்டுகள் நிரம்பிவிட்டன. பிள்ளைகள் அதை ‘வராதவர் நோட்டு’ என்பார்கள். பெயர், வராத தேதி, காரணம், யார் போய்ப் பார்த்தது, திரும்பி வந்த தேதி என்று ஐந்து பத்தி.

காரணம் என்ற பத்தியை மட்டும் படித்தாலே எங்கள் ஊர் தெரிந்துவிடும். ‘கடலை பிடுங்க, 4 நாள்.’ ‘தம்பியைப் பாத்துக்க ஆள் இல்லை.’ ‘புளி உலுக்க.’ ‘அப்பா குடி, புஸ்தகம் கிழிச்சிட்டார்.’ ‘பூட்ஸ் இல்லைன்னு வெட்கம்.’ சில இடத்தில் ‘கேக்கணும்’ என்று மட்டும் இருக்கும்.

இது ஆரம்பித்ததே ஒரு கோபத்தில்தான். தொண்ணூறுகளில் ஒரு போட்டிக்கு லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டம், ஆட வேண்டிய பையன் வரவில்லை. அணி தோற்றது. பொறுப்பில்லாதவன் என்று சொல்லி அவன் பெயரை அடித்துவிட்டார் சார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனே பள்ளி வாசலில் வந்து நின்றான். பொங்கல் முடிந்த கையோடு குடும்பமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ‘சொல்லிட்டுப் போக நேரமில்லை சார்’ என்றானாம். சார் இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்.

அந்தப் பையனுக்கு அரசு நல விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த பொங்கலுக்குக் குடும்பம் கிளம்பியபோது அவன் இங்கேயே தங்கிவிட்டான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மார்கழியிலேயே, எந்தெந்த வீடு கிளம்பப் போகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வது வழக்கமானது. விடுதி வார்டனோடு அவருக்கு இருந்த சிநேகம் எங்கள் டிஃபென்ஸைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

முறை இப்படி. முதல் நாள் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை விசாரிக்கும். மூன்றாம் நாள் கேப்டன் போவான். ஒரு வாரம் தாண்டினால் சாரின் டி.வி.எஸ். 50 கிளம்பும். திரும்பி வந்த தேதி எழுதும் கடைசிப் பத்தி காலியாக இருந்தால், அந்த வரியை அவர் அடுத்த வருஷ நோட்டுக்கும் எடுத்து எழுதுவார்.

சாப்பாடும் இதில்தான் சேரும். சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் காலை ஆறு மணி பிராக்டிஸுக்கு வெறும் வயிற்றோடு வருவார்கள், மத்தியானமும் பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. அணியில் முக்கால்வாசி அவர்கள்தான். வேகவைத்த நிலக்கடலை ஒரு தூக்குப் போசி, கேழ்வரகுக் கூழ் ஒரு குண்டான். சாரின் வீட்டம்மா வருஷக் கணக்கில் இதைச் செய்து அனுப்பினார்கள். எந்தக் கோப்பையிலும் அந்த அம்மாவின் பெயர் இல்லை. அதனால் அவர்கள் செய்ததை இங்கேயாவது எழுதுகிறேன்.

தண்ணீர்

சாரின் தவறு என்று அவரே சொல்வது இது. என்னை எழுதச் சொன்னதும் அவர்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. எங்கள் பக்கம் மழை குறையக் குறைய போர்வெல் ஆழமாகப் போய், அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் பல ஊர்கள் குடித்தன. காவிரி ஒகேனக்கல்லில் அருவியாக விழுகிறது. அதற்குப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் பல் பழுப்புக் கோடு விழுந்து கிடந்தது. பல்லில் தெரிவது கண்ணுக்குப் பட்டுவிடும். எலும்பிலும் மூட்டிலும் தங்குவது வெளியே தெரியாது. இடுப்பு வளையாது, முட்டி மடக்கினால் வலிக்கும், காலையில் எழுந்தால் உடம்பு கட்டையாக இருக்கும்.

ஆரம்ப வருஷங்களில், குனிந்து கால் விரலைத் தொட முடியாத பையன்களைச் சார் சோம்பேறி என்று நினைத்திருக்கிறார். கூடுதலாக ஐந்து ரவுண்டு ஓடவிட்டிருக்கிறார். குறிப்பிட்ட இரண்டு மூன்று ஊர்ப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப முட்டி வலி என்று உட்காருவதை அவருக்குக் காட்டிக் கொடுத்ததும் நோட்டுதான். காரணம் என்ற பத்தியில் ‘முட்டி’, ‘முட்டி’, ‘இடுப்பு’ என்று வரிசையாக வந்தது. ஊர்ப் பெயர் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே போர் தண்ணீர். பள்ளிக்கு வந்த டாக்டரிடம் அதைக் காட்டிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

அன்றிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரவுண்டு ஓட்டம் கிடையாது. வார்ம்-அப் இரண்டு மடங்கு. பள்ளியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் பிராக்டிஸில் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாலும் கீரையும் நெல்லிக்காயும் சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு வீடு சொன்னார். அதியமான் ஊரில் நெல்லிக்கனி சாப்பிடச் சொல்ல ஒரு வாத்தியார் வேண்டியிருக்கிறதே என்று எங்கள் தமிழ் ஐயா வருத்தப்பட்டார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் தண்ணீர் குழாயில் வந்த பிறகு சேர்ந்த சின்னப் பிள்ளைகளின் பல் வெளுப்பாக இருப்பதை நானே பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், தண்டனையாக ரவுண்டு ஓடிய பையன்களில் இரண்டு பேரின் வீட்டுக்குச் சார் போய் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர்கள் பெரியவர்களாகி, குழந்தை குட்டியோடு இருந்தார்கள்.

பெண் பிள்ளைகள்

மாணவிகள் அணியைச் சார் ஆரம்பிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் வந்து, ‘எங்களுக்கும் பந்து குடுங்க சார்’ என்று கேட்டார்கள். கொடுத்தார். அரை டிராயர் கூடாது என்றார்கள் வீட்டில். சரி, டிராக் பேண்ட் போடுங்கள் என்றார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்கள். பிராக்டிஸைக் காலைக்கு மாற்றினார். இப்படி ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டே போய், டீமை நிறுத்திவிட்டார்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தேசியக் கோப்பையை வாங்கியது. அந்த வீடியோவை என் போனில் பார்க்க எங்கள் பிள்ளைகள் முட்டி மோதியது இன்னும் கண்ணில் இருக்கிறது. நம்மைப் போலப் பேசுகிற அக்காக்கள் கோப்பையைத் தூக்குகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பையன்கள் வராமல் போனால் பெரும்பாலும் வேலை. பெண்கள் வராமல் போனால் கல்யாணம். பிளஸ் ஒன் படித்த எங்கள் கோல்கீப்பர் மூன்று நாள் வரவில்லை. தாய்மாமனுக்கு நிச்சயம் பேசுகிறார்கள் என்று கேப்டன் வந்து சொன்னாள். அன்று சாயங்காலமே சாரும் நானும் போனோம். திண்ணையில் உட்கார வைத்தார்கள்.

‘வாத்தியாரே, பந்து ஆடுற பொண்ணுன்னு பேரு வந்துட்டா நாளைக்கி யாரு கட்டுவா?’ என்றார் அப்பா.

சார் சட்டம் பேசவில்லை. ‘உங்க பொண்ணு கோல்கீப்பருங்க. அவ வர்லன்னா மீதி பத்துப் பிள்ளைங்களும் வூட்டுக்குப் போயிடும்’ என்றார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. கதவோரம் நின்ற அம்மா, ‘பன்னெண்டாவது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்றார்கள். பன்னிரண்டாவது முடிந்தது. அப்புறம் கல்லூரியும் முடிந்தது. இப்போது அந்தப் பெண் ஓசூரில் வேலை பார்க்கிறாள்.

இன்னொரு பெண்ணின் வரியில் கடைசிப் பத்தி காலியாகவே இருக்கிறது. நாங்கள் போனது நான்காம் நாள். முந்தின ராத்திரியே கோயிலில் தாலி கட்டிவிட்டார்கள். அவளுக்கு அப்போது பதினாறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு முதல் நாளே நான் போன் போட்டிருக்க வேண்டும். ஜுரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் கணக்கு பெண்களுக்குக் கிடையாது. முதல் நாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே போய்ப் பார்ப்பது என்று முறை மாறியது. மாற்றி எழுதியது சார். மாற வேண்டும் என்று அழுதது நான்.

சில விஷயங்கள் சுருக்கமாக

பதவி உயர்வு வந்தபோது, வேறு பள்ளிக்குப் போக வேண்டும் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளத்தில் நஷ்டம்தான். இதை மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல உடற்கல்வி ஆசிரியர் மாறுதலில் போனால் இரண்டே வருஷத்தில் டீம் கலைந்துவிடுவதை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் போனாலும் அவர் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தது பள்ளியிலேயே நிற்க வேண்டும். ஒருவர் பதவி உயர்வை இழந்துதான் டீம் நிற்க வேண்டும் என்றால் அது அநியாயம்.

பணம் எப்போதும் தட்டுப்பாடு. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா வந்த பிறகு மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க வருஷத்துக்கு 25,000 ரூபாய் கிடைத்தது. அதற்கு முன்னால் பழைய மாணவர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகமும்தான்.

பெற்றோரைச் சம்மதிக்க வைக்க எஞ்சினியரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 500 இடத்தையும், அரசு வேலையில் இருக்கும் 3 சதவீத ஒதுக்கீட்டையும் சொல்வார். ஆனால் ‘உங்க பையனுக்குக் கிடைக்கும்’ என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சர்டிபிகேட்டுக்காக வந்த பிள்ளை, சர்டிபிகேட் கிடைக்காவிட்டால் நின்றுவிடும் என்பது அவர் பயம்.

கடைசி இரண்டு வருஷம்

2020 மே மாதம் சாருக்கு 58 வயது முடிந்து ஓய்வு. அந்த மாதம்தான் ஓய்வு வயது 59 ஆனது. அடுத்த வருஷம் 60 ஆனது. இரண்டு வருஷம் கூடக் கிடைத்தது. ஆனால் பள்ளி 2020 மார்ச்சிலேயே மூடியாகிவிட்டது. கிரவுண்டில் எருக்கு முளைத்தது.

2021 செப்டம்பர் 1-ம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தபோது, சார் டீம் பெயர்களைக் கூப்பிட்டார். பாதிக் குரல்தான் வந்தது. நோட்டில் அன்றைய தேதி மூன்று பக்கம் ஓடுகிறது. மாம்பழத் தோப்பு, கிரானைட் பட்டறை, பெங்களூரு, திருப்பூர், ‘கல்யாணம் ஆயிடுச்சு’, ‘போன் எடுக்கலை’. அவ்வளவு நீளமான பட்டியல் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கோப்பையும் இல்லை. சார் பயிற்சி கொடுத்ததைவிட வண்டியில் போனதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாணவர்கள் இரண்டு பேர் கூடப் போவார்கள். தோப்பில் காவலுக்கு இருந்த பையன் ஒருவனின் முதலாளியிடம் அரை நாள் பேசி, சாயங்கால வேலையாக மாற்றி, பகலில் பள்ளிக்குக் கூட்டி வந்தார்கள். திருப்பூரில் இருந்தவனிடம் போனிலேயே பேசி, பிளஸ் டூ பரீட்சையாவது எழுத வைத்தார். கடைசிப் பத்தியில் தேதிகள் ஒவ்வொன்றாக ஏறின. எல்லா வரியும் நிரம்பவில்லை. ஆனாலும் அவருடைய முப்பத்தொரு வருஷத்தில் எது நல்ல சீசன் என்று கேட்டால், மாவட்டக் கோப்பை வாங்கிய எந்த வருஷத்தையும்விட இதைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

இப்போது இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் வேறு மாவட்டத்துக்காரர், தடகளம் ஆடி வந்தவர். சார் போகும்போது பச்சைக் கயிற்றையும் நோட்டுகளையும் அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போனார். புதியவர் முதல் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பழைய நோட்டுகளை முழுக்கப் படித்தார். மறுநாள் புது நோட்டு வாங்கி ஐந்து பத்தி கோடு போட்டு, ஆறாவதாக ஒன்று சேர்த்தார்: வீட்டில் யாரிடம் பேசினால் கேட்பார்கள். பாதி வரிகளில் அம்மா, பாட்டி என்று இருக்கிறது.

போன திங்கட்கிழமையிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வரவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘கேக்கணும்’ என்று எழுதியிருக்கிறார். நேற்று கேப்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.